எந்த நிறத்தைத் தொட்டாலும் ஓனர் இருக்கிறார்

மக்கள் எந்த பிராண்டை நம்புகிறார்கள், எதைக் கைவிட்டார்கள் என்று கேட்டறிந்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடும் நிறுவனங்கள் பல உண்டு. இன்று கான்டார் வெளியிடும் ‘பிராண்ட்ஸீ’ பட்டியல் 2006-ல் தொடங்கியது. இப்படியொரு அறிக்கைக்குத் தோற்றம் வடிவமைக்க உட்காரும் டிசைனருக்கு முதல் தலைவலியே நிறம்தான்.

சிவப்பு கோக-கோலாவை நினைவூட்டும். பழுப்பு கூரியர் நிறுவனமான யூபிஎஸ். வெளிர்நீலம் நகைக்கடை டிஃபனி, நிறங்களுக்கு எண் கொடுக்கும் பேன்டோன் நிறுவனம் அந்த நீலத்துக்குத் தந்த எண்ணே 1837, அதாவது கடை தொடங்கிய ஆண்டு. தன் ஊதாவை டிரேட்மார்க்காகப் பதிய கேட்பரி முயன்றபோது நெஸ்லே எதிர்த்தது. வழக்கு லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 2013-ல் கேட்பரி தோற்றது. ஆனாலும் அந்த ஊதாவைப் பார்த்தால் சாக்லேட் ஞாபகம்தான் வருகிறது. பிராண்டுகளை மதிப்பிடும் அறிக்கை அவற்றில் ஒன்றின் நிறத்தில் வந்தால், நடுவர் ஒரு அணியின் ஜெர்சியோடு மைதானத்தில் இறங்கியது போலாகிவிடும். அதனால் கறுப்பு, சாம்பல், கூடவே ஒரே ஒரு அடர்நிறம் என்று நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

அடையாளத்தை எங்கே வைப்பது? ஃபைனான்ஷியல் டைம்ஸ் 1893-ல் தாளையே இளஞ்சிவப்பாக்கியது. தி எகானமிஸ்ட் தன் வரைபடங்களின் மேல் ஓரத்தில் சின்னச் சிவப்புச் செவ்வகம் ஒன்றை வைக்கிறது. அறிக்கைக்கு இரண்டாவது வழிதான் சரி என்பேன். அட்டையை யாரும் பகிர்வதில்லை. உள்ளேயிருக்கும் ஒரு வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அது தனியாகப் போனாலும் எந்த அறிக்கை, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் கேட்டது என்று தெரிய வேண்டும்.

அறிக்கை ஆண்டுதோறும் வருவது என்பதால் எது மாறலாம், எது மாறக் கூடாது என்பதை முதல் ஆண்டே எழுதி வைத்துவிட வேண்டும். அட்டைப்படம் மாறலாம். எழுத்துரு, பக்க அமைப்பு, அளவுகோல் மாறக் கூடாது. நடப்பு ஆண்டுக்கு அடர்நிறம், கடந்த ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் சாம்பல். ஆண்டுக்கொரு புது நிறம் என்று ஆரம்பித்தால், ஐந்தாவது ஆண்டில் கோட்டு வரைபடம் ஹோலி கொண்டாடும்.

எழுத்துருவில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: எண்களின் அகலம். பல எழுத்துருக்களில் 1 ஒல்லி, 8 குண்டு. அட்டவணையில் 111-ன் கீழே 888 வந்தால் ஒன்றுகளின் இடமும் பத்துகளின் இடமும் நேர்கோட்டில் நிற்காது. எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் உள்ள எழுத்துருவாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

வட்டங்கள் இன்னொரு வம்பு. ஒரு பிராண்டின் மதிப்பு இரட்டிப்பானதைக் காட்ட வட்டத்தின் விட்டத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். பரப்பு நாலு மடங்காகிறது. வியன்னாவில் 1920-களிலேயே, படங்களால் புள்ளிவிவரம் சொன்ன ஓட்டோ நொய்ராத் இதற்கு விதி சொல்லிவிட்டார்: அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே படத்தைத் திரும்பத் திரும்ப வை. கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1984-ல் வகுத்த வரிசைப்படியும், பொது அச்சில் வைத்த புள்ளிகளையும் நீளத்தையும் ஒப்பிடும் அளவுக்குக் கண் பரப்பைச் சரியாக ஒப்பிடுவதில்லை. சாதாரண பட்டை வரைபடம் போதும். அது பூஜ்ஜியத்தில் தொடங்கினால் சரி.

ஏற்ற இறக்கத்துக்குப் பச்சை, சிவப்பு அம்புகள் மட்டும் போதாது. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

கடைசியாக, தரவரிசை. ஆயிரம் பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் சுமார் மூன்று சதவீதப் புள்ளி இப்படி அப்படி ஆகலாம். 54, 53, 52 சதவீதம் வாங்கிய மூன்று பிராண்டுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று படிக்கட்டில் ஏற்றினால், இல்லாத வித்தியாசத்தை டிசைன் உண்டாக்கிவிடும். மூன்றையும் ஒரே நிறப் பட்டைக்குள் ஒரே குழுவாக வைப்பதே நேர்மை. விற்பனைப் பிரிவு இதற்குச் சுலபத்தில் சம்மதிக்காது. ‘நம்பர் ஒன்’ என்று விளம்பரம் போட்டுக்கொள்ள மூன்று கம்பெனிகளுக்கும் வழியில்லாமல் போய்விடுமே!