சோழரும் கடாரத்தரசரும்: கொடையும் படையும்

பேராக் மாநிலத்துப் புருவாஸ் வட்டாரத்தைக் காட்டி, 'இராசேந்திர சோழன் வென்ற கங்கா நகரம் இங்கேதான் இருந்தது' என்று நம்மவர் பெருமையோடு சொல்வதுண்டு. தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டதும் கடாரங்கொண்டான் கதையே. ஆனால், 'வென்றான்' என்னும் ஒரு சொல்லோடு அக்கதை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சோழ நாட்டுக்கும் கடாரத்துக்கும் இருந்த உறவு படையெடுப்பால் தொடங்கியதும் அன்று. படையெடுப்போடு முடிந்ததும் அன்று.

கடாரம் என்பது இன்றைய கெடா. சுமத்திராவிலுள்ள பலெம்பாங்கில் தோன்றி வளர்ந்த ஸ்ரீவிசயப் பேரரசின் மன்னர்கள் கடாரத்துக்கும் அரசராக விளங்கினர். மறக்கப்பட்டிருந்த அப்பேரரசை 1918-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் ஜார்ஜ் செதேஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவருடைய ஆய்வுக்குத் துணைநின்ற சான்றுகளுள் சோழர் சாசனங்களும் அடங்கும்.

விகாரம் எழுந்தது

முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1006-இல், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் கொடையாக அளிக்கப்பட்டது. அவ்விகாரத்தை எடுத்தவன் ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிசயோத்துங்கவர்மன். தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அதற்குச் சூளாமணி விகாரம் எனப் பெயரிட்டான். சைவனான சோழன் பௌத்த விகாரத்துக்கு நிலம் ஈந்தான். பௌத்தனான கடாரத்தரசன் சார்பில் நாகையின் சிவன் கோயிலுக்குப் பொன்னும் அணிகளும் வழங்கப்பட்டன.

தந்தை வாய்மொழியாக அளித்த கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவன் மகன் இராசேந்திரன். இருபத்தொரு ஏடுகள் கொண்ட அச்சாசனம் பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லைடன் நகருக்குச் சென்றமையால் 'பெரிய லைடன் செப்பேடுகள்' எனப் பெயர்பெற்றது.

கடல் கடந்த படை

கொடையை நிலைநிறுத்திய அதே இராசேந்திரன்தான் 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். சீனத்துக்குச் செல்லும் கடல்வழியில் ஸ்ரீவிசயத்துக்கு இருந்த பிடியே இதற்குக் காரணம் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், வித்தியாதர தோரணம் கைப்பற்றப்பட்டதையும் கூறி, வென்ற இடங்களையும் வரிசைப்படுத்துகிறது. ஆயினும் சோழர் அங்கே தங்கி நாடாண்டதற்குச் சான்று இல்லை.

மீண்டும் தூதர்

பகை நீடிக்கவில்லை. தன்னை அடைக்கலமாக நாடிவந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று, அதை அவனுக்கே அளித்ததாக வீரராசேந்திரனின் சாசனம் கூறுகிறது. இது 1068-ஐ ஒட்டிய நிகழ்ச்சி. ஐரோப்பாவிலும் அக்காலத்து அண்டை அரசுகளின் உறவு இப்படிப் பின்னிக் கிடந்ததே. பிரெஞ்சு மன்னனுக்குக் கீழ்ப்பட்ட நார்மண்டிக் கோமகன் வில்லியம் 1066-இல் இங்கிலாந்துக்கு அரசனானான். கடலுக்கு அப்பால் முடிமன்னன், இப்பால் சிற்றரசன்! உறவு எங்கே முடிகிறது, பகை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுதல் அங்கும் அரிது.

1090-இல் கடாரத்தரசனின் தூதர் இருவர் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, சூளாமணி விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டனர், சோழனும் வழங்கினான். இச்செய்தியைத் தருவது மூன்றே ஏடுகள் கொண்ட 'சிறிய லைடன் செப்பேடு'. போர் நடந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த விகாரம் அறத்தோடு நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பேராக்கின் பங்கு

அப்படியாயின் கங்கா நகரம்? தஞ்சைக் கல்வெட்டின் பட்டியலில் பதின்மூன்று இடப்பெயர்கள் உள்ளன. இலங்காசோகம் உண்டு, மாதமாலிங்கம் உண்டு, மாநக்கவாரம் உண்டு. கங்கா நகரம் இல்லை. இராசா சூலான் என்பவன் கங்கா நகரத்தை வென்றதாகக் கூறுவது 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூல். அது படையெடுப்புக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் பிற்பட்டது. 'சூலான்' என்ற பெயரில் சோழனின் நினைவு ஒலிக்கிறது எனக் கொள்ளலாம். அதற்கு மேல் உறுதி கூறுதல் வரலாறு ஆகாது.

ஆனால், பேராக் மண் வேறொரு சான்றை வைத்திருந்தது. 1930-களில் ஈப்போவை அடுத்த பெங்காலானிலும், தெற்கே பீடோரிலும், ஈயம் தோண்டிய இடங்களில் பௌத்த வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. அவற்றுள் 1936-இல் பீடோரில் கிடைத்த எட்டுக்கை அவலோகிதேசுவரர் புகழ்பெற்றது. இவை சோழர் படையெடுப்புக்கு முற்பட்டவை. நாகையில் விகாரம் எடுத்த மன்னர்களின் சமயம், அவர்களுக்கு முன்னரே இங்கும் வேரூன்றியிருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

வெற்றிப் பெருமை ஒன்றையே சொல்லி வளர்த்தால், அண்டை நாட்டாரின் சிறப்பு நம் கண்ணுக்குப் படாது போகும். நம் முன்னோர் செம்பிலும் கல்லிலும் எழுதிவைத்தது அதைவிடப் பெரியது. இனி நம் பிள்ளைகளுக்குக் கடாரங்கொண்டான் கதையைச் சொல்லும்போது, ஆனைமங்கலம் என்ற ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்வோமாக.