பாட்டை விற்றவர்கள், சும்மா கொடுத்தார்கள்!

கருங்கல், மார்த்தாண்டம் வட்டாரத்தில் மலங்கரைக் கத்தோலிக்கக் கோவில்களுக்குப் போகிறவர்களுக்குச் சிரிய மொழி வேண்டுதல் புதிதல்ல. அந்த மரபுக்கு உறவான ஒரு பாட்டை, கிதாரும் டிரம்ஸும் முழங்க, டெல்லிக்காரர்கள் நான்கு பேர் மேடையில் பாடினார்கள். கூட்டம் மெய்மறந்து கேட்டது!

பாட்டின் பெயர் 'கந்தீசா'. "புனிதமானவர்" என்று பொருள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த அரமேய மொழிப் பாட்டு அது. பாடிய குழுவின் பெயர் 'இண்டியன் ஓஷன்'. தமிழில் சொன்னால், இந்துமாக்கடல்!

யார் இவர்கள்?

சுஸ்மித் சென் கிதார் வாசிப்பார். அசீம் சக்கரவர்த்தி தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். இவர்கள் இருவரும் 1990-ல் குழுவைத் தொடங்கினார்கள். பிறகு வந்தவர் ராகுல் ராம். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றவர். நர்மதை அணையை எதிர்த்துப் போராடிய மக்களோடு இருந்தவர். அந்த ஆற்றங்கரைப் பாட்டான 'மா ரேவா'வைக் குழுவுக்குக் கொண்டுவந்தார். 1994-ல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலம் சேர்ந்தார்.

கம்பெனி வாசலில்...

1993-ல் எச்.எம்.வி. கம்பெனி இவர்களுடைய முதல் ஒலிநாடாவை வெளியிட்டது. அடுத்து 1997-ல் வந்த 'டெசர்ட் ரெய்ன்', மேடைக் கச்சேரியில் பதிவானது. பெரிய கம்பெனியின் துணையில்லாமலே அது வெளிவந்தது.

2000-ல் டைம்ஸ் மியூசிக் கம்பெனி 'கந்தீசா'வை வெளியிட்டது. புகழ் குவிந்தது. 2003-ல் 'ஜினி' வந்தது. 'பிளாக் ஃபிரைடே' என்ற இந்திப் படத்துக்கும் இசையமைத்தார்கள்.

புகழ் வந்தது. பணம்?

இசைத்தட்டு வியாபாரத்தில் செலவு கம்பெனியுடையது. ஒப்பந்தப்படி, பதிவும் பெரும்பாலும் கம்பெனிக்கே சொந்தம். பாடியவருக்கு 'ராயல்டி' என்று ஒரு பங்கு. பாட்ட நிலத்தில் தென்னை வைத்த கதைதான்! நட்டவன் ஒருவன், மரம் இன்னொருவனுக்கு. கலைஞர்களுக்குச் சோறு போட்டது கச்சேரிதான்.

கடைசிக் குரல்

டெல்லி கரோல் பாகில் ஒரு பழைய வீட்டில் இவர்கள் ஒத்திகை பார்த்து வந்தார்கள். அடுத்த தொகுப்புக்கு அந்த வீட்டு முகவரியையே பெயராக வைத்தார்கள்: '16/330 கஜூர் ரோடு'.

அது வெளிவருமுன் இடி விழுந்தது. 2009 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். அசீம் காலமானார்! அவர் குரல் மட்டும் பதிவில் இருந்தது.

நண்பர்கள் அதைக் கம்பெனிக்கு விற்கவில்லை. 2010-ல், மாதம் ஒரு பாட்டாக, ஏழு பாட்டுகளையும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கொடுத்தார்கள்!

இங்கிலாந்தின் 'ரேடியோஹெட்' குழுவும் 2007-ல், "கொடுக்க நினைத்ததைக் கொடுங்கள்" என்று தன் புதிய பாட்டுகளைத் தானே வெளியிட்டது. இந்தியாவில் 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் ராயல்டி பங்குக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

2013-ல் சுஸ்மித் சென்னும் விலகினார். புதியவர்கள் வந்தார்கள். குழு கலையவில்லை.

பாட்டு யாருக்குச் சொந்தம்? பத்திரம் கம்பெனிப் பெட்டியில் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த 'கந்தீசா'வோ, பாடுகிறவர் எல்லோருக்கும் சொந்தம்!