துண்டு வெட்டிய பிறகு

"துண்டு வெட்டியாச்சு" என்பது அம்பாறைக் கரையோரத்தில் நோயாளியின் வீட்டார் ஆசையோடு காத்திருந்து கேட்கும் சொல்; வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விட்டாச்சு என்று பொருள். பாரிசவாதம் வந்து பத்து நாள் வார்டில் கிடந்தவரை ஓட்டோவில் ஏற்றி வீரமுனைக்கோ நிந்தவூருக்கோ கொண்டுவந்து இறக்கும்போது கையில் ஒரு டயக்னோசிஸ் கார்ட், ஒரு பை மருந்து, அடுத்த கிளினிக் திகதி இருக்கும். நோய் என்ன, மருந்து எத்தனை வேளை என்பதெல்லாம் அட்டையில் உண்டு. அன்றிரவு அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது என்பது அதில் இல்லை. அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வலம், மல்லாக்க, இடம் என்று மாற்ற வேண்டும். குதிக்கால் பாயில் முட்டாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருந்து, விரலால் அழுத்தி விட்ட பின்னும் வெளிறாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நமது கருத்த தோலில் அந்தச் சிவப்பு லேசில் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் தடிப்பையும் கொண்டுதான் அறிய வேண்டும். இரவு பத்து மணிக்குப் படுக்கும் ஒருத்தி இதற்காகவே பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு எழும்புகிறாள். அவள் மகளாக, மனைவியாக, சில வீடுகளில் மருமகளாக இருப்பாள். மகனே பார்க்கும் வீடுகளும் உண்டு. அவள் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை.

இந்தக் களைப்பை "மனக்கஷ்டம்" என்று சொல்லி ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது உடம்பிலேயே தெரியும் என்பதை 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் காட்டினார்கள். மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துவந்த 13 பெண்களையும், அதே வயதும் வருமானமும் கொண்ட, அப்படியொரு பொறுப்பில்லாத 13 பெண்களையும் எடுத்தார்கள். எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீற்றர் அகலத்தில், கடுகை விடப் பெரிதும் பயறை விடச் சிறிதுமான ஒரு காயத்தை உண்டாக்கினார்கள். காயத்தில் ஹைட்ரஜன் பெரொக்சைட் பட்டு நுரைத்தால் இன்னும் ஆறவில்லை என்று கணக்கு. அந்தப் பொறுப்பு இல்லாத பெண்களுக்குச் சராசரி 39 நாளில் ஆறிய காயம், நோயாளியைப் பார்த்த பெண்களுக்கு ஆற ஏறத்தாழ 49 நாள் எடுத்தது. 26 பேர் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஓயாத மன அழுத்தத்தில் இருக்கும் உடம்பு தன் தோலைத் தைக்கவே பிந்துகிறது என்பதை இதைவிடக் கண்ணுக்கு நேரே காட்டிய சோதனை குறைவு.

நோயாளியைப் பார்ப்பதே ஆயுளைக் குறைக்குமா என்றால், அப்படி இல்லை. இந்த இடத்தில் ஆதாரங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1999இல் றிச்சர்ட் ஷூல்ஸ், ஸ்கொட் பீச் இருவரும் வெளியிட்ட ஆய்வு 66 வயதும் அதற்கு மேலுமான கணவன் மனைவியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. துணையைப் பார்த்துக்கொண்டு அதனால் சிரமப்படுவதாகச் சொன்னவர்கள் இறக்கும் வாய்ப்பு, அப்படியொரு பொறுப்பில்லாதவர்களை விட 63 சதவீதம் கூடியிருந்தது. அதே ஆய்வில், பார்த்துக்கொண்டும் சிரமம் இல்லை என்றவர்களுக்கு அந்த ஆபத்துக் கூடவில்லை. 2013இல் டேவிட் றொத் குழுவினர் குடும்பத்தவரைப் பார்ப்போர் 3,503 பேரை, அப்படிப் பார்க்காத அதே எண்ணிக்கையானவர்களுடன் ஒப்பிட்டபோது, பார்ப்பவர்களிடையே இறப்பு 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று வெட்டுவதாக நான் நினைக்கவில்லை. ஒருவருக்குத் தேவைப்படுவதும் அவருக்குக் கைகொடுப்பதும் மனிதரைத் தாங்கிப் பிடிக்கிறது. கைமாற்ற ஆளில்லாமல் வருடக்கணக்கில் தனியே செய்வதுதான் ஆளைத் தின்கிறது. கடமையைக் கைவிடச் சொல்லி விஞ்ஞானம் சொல்லவில்லை. தனிமையைப் போக்கு என்றுதான் சொல்கிறது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு நமக்கெல்லாம் தெரிந்தது. பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதற்கு வெளியில் உதவி கேட்பது வெட்கம் என்பார்கள். தாயின் காலடியில் சுவர்க்கம் என்று கேட்டு வளர்ந்த வீட்டிலும், அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம் என்று படித்த வீட்டிலும் இந்தப் பேச்சுக்கு ஒரே கனம்தான். கடமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கடமை என்பது ஒருவர் தோளில் மட்டும் வைத்துவிட்டு மற்றவர்கள் கைகட்டி நிற்பதற்கான அனுமதி ஆகிவிடக் கூடாது. குடும்பத்தின் கடமையை மதித்தவர்களே அதற்குத் துணையும் கொடுத்தார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல வைத்தியசாலையில் வைத்தியர் வித்யா சாகர், நோயாளியின் வீட்டாரை வளவிலேயே கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். நோயைப் பற்றி அவர்களோடு பேசினார். அவர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் அந்தப் பத்தாண்டின் இறுதி தொட்டு வீட்டாரைச் சேர்த்தே நோயாளியை அனுமதித்தது. இவையெல்லாம் மேற்கு நாடுகள் இந்தத் துறையில் அளவுகோல்களைச் செய்வதற்கு முன்னரே நம் பக்கத்தில் நடந்தவை.

இரண்டாவது மறுப்பு, நமக்குத்தான் சொந்தபந்தம் இருக்கிறதே என்பது. கிழக்குக் கரையில் இதில் நியாயம் இருக்கிறது. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்குச் சீதனமாகிறது. அக்கா தங்கை ஒரே வளவில், அல்லது வேலிக்கு அந்தப் பக்கம் வாழ்கிறார்கள். அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடிமுறையை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே இங்கே முதியவரைப் பார்ப்பது பெரும்பாலும் மகளின் பொறுப்பு. நாலு மகள்மார் நாலு வேலிக்குள் இருந்தால் இரவை நாலாகப் பிரிக்கலாம். 1960களில் இலங்கைப் பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளைகளுக்கு மேல். 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 2.2. நாலு மகள்மார் என்ற கணக்கு முடிந்துவிட்டது. இருக்கும் ஒரு மகளும் குவைத்திலோ கட்டாரிலோ இன்னொருவரின் தாயைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டில் முதியோரைப் பார்க்கப் போகிறவருக்கு இந்த நாட்டில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு பயிற்சி இருக்கிறது. அதே வேலையைத் தன் தாய்க்குச் செய்பவளுக்கு யாரும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை.

சொந்தபந்தம் சுருங்கியதற்கு இந்தக் கரைக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை வீரமுனையில் நடந்த படுகொலைகளில், சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்தவர்களும் அகப்பட்டார்கள். அன்று இருபத்தைந்து வயதில் கணவனை இழந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. 2004 டிசம்பர் 26இல் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு எங்கும் கடல் ஏறியது. அதற்குப் பிறகு அம்பாறைக் கரையோர முகாம்களில் 859 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், பெண்களின் இறப்பு வீதம் ஆண்களுடையதை விட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. அலை கொண்டுபோன பெண்கள், இன்று பாயில் கிடப்பவர்களைப் பார்த்திருக்க வேண்டிய மகள்மாரும் பேத்திமாரும்தான். சொந்தபந்தம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லுமுன் அந்தச் சொந்தபந்தத்தில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வைத்தியத் துறைக்குள்ளேயே கேட்பது. வீட்டாருக்குப் பழக்கிவிட்டால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்ப்பார்கள் என்பார்கள். செலவு குறைவு என்பதால் இந்த யோசனை எல்லோருக்கும் பிடிக்கும். சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2004இல் இங்கிலாந்தில் 300 பாரிசவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தது நல்ல பலனைத் தந்தது. அதையே 36 வைத்தியசாலைப் பிரிவுகளில், 928 நோயாளிகளோடும் அவர்களைப் பார்ப்பவர்களோடும் செய்து 2013இல் முடிவை வெளியிட்டபோது வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வார்டில் இடிந்துபோய் நிற்கும் நேரம் பாடம் படிக்க ஏற்ற நேரமல்ல என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகங்களில் ஒன்று. அதைவிட நமக்கு நெருக்கமானது 2017இல் வெளியான இந்திய ஆய்வு. 14 வைத்தியசாலைகள், 1,250 நோயாளிகள். வீட்டாரையே பயிற்றுநராக்கி, வீட்டுக்கும் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவர்களும் இரு பக்கமும் 47 சதவீதம். மகள் பிசியோதெரபிஸ்ட் ஆகமாட்டாள். ஏற்கெனவே நிறைந்திருக்கும் அவளுடைய நாளுக்குள் இன்னொரு உத்தியோகத்தைத் திணித்தால் நோயாளிக்கும் அதில் லாபமில்லை.

எது பலன் தந்தது? நியூ யோர்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டெல்மன், மறதிநோயாளியின் துணைவர் 406 பேரிடம் செய்த ஆய்வு அதற்கு நல்ல விடை. தனியே இரண்டு சந்திப்பு, மற்ற உறவினரையும் உட்கார வைத்து நாலு சந்திப்பு, பிறகு ஒரு ஆதரவுக் குழு, எப்போது வேண்டுமானாலும் தொலைபேசியில் கூப்பிடப் பேசும் ஒரு ஆலோசகர். இதைப் பெற்றவர்கள் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்த காலம் ஏறத்தாழ 557 நாள் நீண்டது. முதியோர் இல்லம் அரிதான நம் ஊருக்கு அந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. கவனிக்க வேண்டியது காரணத்தைத்தான்: பலனில் பாதிக்கு மேல் வந்தது, தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நிறைவு கூடியதாலும், நோயாளியின் தொல்லைகளைக் கண்டு கலங்குவது குறைந்ததாலும், மனச்சோர்வு தணிந்ததாலும். நம்மைப் போன்ற இடத்திலும் இது நடந்திருக்கிறது. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் பட்டேல் குழுவினர், வைத்தியப் படிப்பில்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றி, மறதிநோயாளி உள்ள 81 குடும்பங்களுக்குள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். "அறளை பெயர்ந்துவிட்டது" என்று நாம் சொல்வது ஒரு நோய் என்பதை விளக்குவது, திட்டினால் திருந்தாது என்று புரிய வைப்பது, கிடைக்கக்கூடிய உதவிப் பணத்துக்கு வழிகாட்டுவது, கேட்டுக்கொண்டிருப்பது ஆகியவைதான் அவர்களின் வேலை. 2008இல் வெளியான முடிவின்படி பார்ப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. நோயாளியின் நிலை அந்த அளவுக்கு மாறவில்லை, சுமையின் மதிப்பெண்ணும் உறுதியாகச் சொல்லும்படி இறங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆறாத நோய் ஆறாமலேதான் இருந்தது. அதன் பக்கத்தில் இருப்பவர் உடைந்து போகவில்லை.

பணம் எங்கே என்பது கடைசி மறுப்பு. 2022இன் பொருளாதார நெருக்கடியைப் பார்த்த நாட்டில் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் வீடு தேடி ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரும் முறை இலங்கைக்குப் புதிதல்ல. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த முறைதான் நம் குடும்பநல மருத்துவமாது. 1940களில் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேலிருந்த தாய் மரணம் இன்று நாற்பதுக்குக் கீழே வந்ததில், வைத்தியசாலைகளோடும் பெண் கல்வியோடும் மருத்துவமாதர்களின் நடைக்கும் பங்குண்டு. அவர் வாசலுக்கு வந்தால் ஊர் கதை கட்டுவதில்லை; அவர் வரவேண்டியவர் என்று எல்லோருக்கும் தெரியும். பிறப்புக்கு இருக்கும் அந்த நடை முதுமைக்கும் நீள வேண்டும், அதற்கு மருத்துவமாதின் தலையில் மேலும் சுமத்தாமல் வேறொருவரை நியமிக்க வேண்டும். தமிழ்நாடு 2021 ஓகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" மருந்தையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. கேரளம் ஒரு படி மேலே போய், படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பவருக்கே "ஆஸ்வாசகிரணம்" என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் என்று தொகை வகுத்தது. நம் அரசின் அஸ்வெசும உதவித்தொகையில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் பங்குண்டு. பார்ப்பவர் என்றொரு வகுப்பு இல்லை. பெயர் இல்லாதவருக்குப் பங்கும் இல்லை. இங்கிலாந்தில்கூட அந்தப் பெயர் தானாக வரவில்லை. பெற்றோரைப் பார்க்க வேலையை விட்ட மேரி வெப்ஸ்டர் என்ற பெண் 1963இல் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கி, 1965இல் ஒரு சங்கமாகி, 1976இல்தான் உதவித்தொகை வந்தது. மணமான பெண்களுக்கு இது இயல்பான வேலைதானே என்று அவர்களைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஜாக்கி டிறேக் என்பவரின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அந்தத் தடை நீங்கியது.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்தக் கரையில் மரண உதவிச் சங்கமோ ஜனாஸா நலன்புரி அமைப்போ இல்லாத ஊர் அரிது. மாதச் சந்தா சேர்கிறது. மௌத்துச் செய்தி வந்த அரை மணித்தியாலத்தில் கொட்டிலும் கதிரையும் ஆட்களும் வருகிறார்கள். சாவு ஒரு நாள். அதற்கு முன் பாயில் கிடந்த வருடங்களுக்கு அதே சங்கத்திடம் ஒரு பட்டியல்கூட இல்லை. எந்த வீட்டில் யார் கிடக்கிறார், யார் பார்க்கிறார் என்ற பட்டியலை ஒரு ஆலய பரிபாலன சபையும் ஒரு பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். சந்தாவிலும் ஸகாத்திலும் காற்று மெத்தை, சக்கர நாற்காலி வாங்கி இரவல் கொடுக்கலாம். இரவு ஒன்றை மாற்றிப் பிடிக்க இரண்டு பேரை ஒழுங்கு செய்யலாம்.

இதை வாசிப்பவர் யாரையாவது பார்த்துக்கொண்டிருப்பவரானால், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கேளுங்கள். டயக்னோசிஸ் கார்டின் பிரதியைக் கொண்டுபோங்கள். அடுத்த கிளினிக்கில் உங்கள் உறக்கத்தையும் முதுகு வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனம் தாங்காத இரவில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். நீங்கள் நோய் விசாரிக்கப் போகிறவரானால் லெமன் பப் பக்கற்றை மேசையில் வைத்துவிட்டு, அவளைப் போய்ப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு மணித்தியாலம் இருந்து, ஒருமுறை நீங்கள் புரட்டிப் படுக்க வையுங்கள்.