பைப்பெட் பிடிக்கத் தெரிஞ்சா லேப் நடத்திடலாமா?

ஒருத்தர் பிஎச்டி முடிக்கிறார், அப்புறம் போஸ்ட்டாக். இத்தனை வருஷமும் சோதனை செய்யவும், டேட்டாவை அலசவும், பேப்பர் எழுதவும்தான் பயிற்சி. வேலை கிடைத்ததும் கையில் லேப் சாவி. கூடவே நாலு மாணவர்கள், ஒரு டெக்னீசியன், ஒரு பட்ஜெட். ஆள் எடுப்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, சண்டையைத் தீர்ப்பது... இதையெல்லாம் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? பெரும்பாலும் யாருமே இல்லை!

இந்தக் குறையைப் போக்க, அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பரோஸ் வெல்கம் நிதியமும் சேர்ந்து 2002-ல் இளம் விஞ்ஞானிகளுக்கு லேப் நிர்வாகப் பயிற்சி நடத்தின. அதிலிருந்து 2004-ல் 'மேக்கிங் த ரைட் மூவ்ஸ்' என்ற கையேடு வந்தது. ஆக, இது பிறவித் திறமை இல்லீங்க, கத்துக்கிற விஷயம்தான்.

முதலில் ஒரு வித்தியாசம். நிர்வாகம் வேலையை நடக்க வைக்கும். வழிகாட்டல் ஆளை வளர வைக்கும். சோதனை சொதப்பிய மாணவி வந்து நிற்கிறார். "கான்சன்ட்ரேஷனைக் கூட்டு" என்று சொன்னால் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த வாரமும் அவர் வந்து நிற்பார். "என்ன எதிர்பார்த்தே? கன்ட்ரோல் என்ன காட்டுது? எதை முதல்ல செக் பண்ணுவே?" என்று கேட்டால் பதினைந்து நிமிஷம் ஆகும்; அடுத்த முறை அவரே கண்டுபிடிப்பார். ஆசிட், கேஸ் சிலிண்டர் மாதிரி ஆபத்தான இடத்தில் மட்டும் கேள்வி வேண்டாம், நேரடியா சொல்லிடணும்.

இனி நடைமுறை.

எதிர்பார்ப்பை முதல் வாரமே எழுதி வையுங்கள். லீவு, லேப் நோட்டு, பேப்பரில் யார் பெயர் முதலில் என்பது வரை. கடைசியில் பேசினால் சண்டைதான்.

ஒவ்வொருவரையும் குறித்த நேரத்தில் தனியாகச் சந்தியுங்கள். "எப்ப வேணா வா" என்றால் கூச்சப்படுகிறவர் வரவே மாட்டார்.

குறையைத் தனியாக, உடனே சொல்லுங்கள். "நீ சரியில்லை" என்பதைவிட "இந்த கிராஃபில் எரர் பார் இல்லை" என்றால் திருத்த முடியும்.

லேப் ஒரு குழுவாகவும் இருக்கணும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன விஞ்ஞானி யூரி அலோன், வாராந்திரக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தில் அறிவியலே பேசுவதில்லை என்று 2010-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். பிறந்தநாள், சினிமா, நாட்டு நடப்பு என்று பேச்சு போகும். ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தால்தானே தோல்வியைத் தயங்காமல் சொல்வார்கள்?

சரி, நமக்கு எதுக்கு இதெல்லாம்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் உங்களிடம் ஒரு ஜூனியர் வந்தாலே நீங்களும் குட்டி மென்டார்தான். அங்கேயே பழகிப் பாருங்கள். நாளைக்கு பிஎச்டிக்கு கைடு தேடும்போது அவருடைய பேப்பர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. அந்த லேப் மாணவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கைடை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீங்க? சீனியர்கள் எத்தனை வருஷத்தில் முடிச்சாங்க? ரிசல்ட் வரலைன்னா அவர்கிட்ட தைரியமா சொல்ல முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தால், வேற லேப் தேடுங்க. போகப்போவது உங்க அஞ்சு வருஷம்!