நகல் முதலில், பழுது பிறகு

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, எரியோடு போன்ற ஊர்களில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். மாநில அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க். பிள்ளை படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் கல்யாணப் போட்டோ, மார்க் ஷீட், பட்டா நகல் எல்லாம் அதற்குள்ளேயே தங்கிவிடும்.

ஒருநாள் விண்டோஸ் திறக்கப் பத்து நிமிடம் ஆகும். அடுத்த வாரம் நீலத் திரை. காதை வைத்துக் கேட்டால் 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தப்பு செய்கிறார்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பார்கள். இல்லையென்றால் டிஸ்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸின் 'செக் டிஸ்க்' போடுவார்கள். டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்ற, படிக்கும் முனை அதற்கு மேலே தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. முனை பழுதாகியிருந்தால் ஒவ்வொரு சுற்றும் தட்டைச் சுரண்டக்கூடும். செக் டிஸ்கோ, நொடிந்துபோன அந்த டிஸ்கிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும். இருப்பதும் போக அது ஒன்றே போதும்.

முதலில் நகல் எடுக்க வேண்டும். சாதாரண குளோனிங் மென்பொருள் கெட்ட செக்டார் வந்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய இலவச மென்பொருள் 'டிடிரெஸ்க்யூ' அப்படிச் செய்யாது. படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வரும். கூடவே ஒரு வரைபடக் கோப்பும் எழுதும்: கிடைத்த பகுதிக்குக் கூட்டல் குறி, கெட்டதற்குக் கழித்தல், இன்னும் தொடாததற்குக் கேள்விக்குறி. கரண்ட் போனால்கூட விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்வெட்டு பழகிய நம் ஊருக்கு இது பெரிய உபகாரம்.

வேலையை லினக்ஸ் பென் டிரைவிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய டிஸ்கை விண்டோஸ் தொடாமல் இருக்கும். நகல் போய்ச் சேரும் புது எஸ்.எஸ்.டி. பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். 320 ஜிபி டிஸ்குக்கு 240 ஜிபி போதாது, 480 வாங்க வேண்டும். எது மூலம், எது நகல் என்பதை டிஸ்கின் சீரியல் எண்ணை வைத்து இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் எழுதப்பட்டுவிடும். அதற்கு மருந்தே கிடையாது.

நல்ல நிலையில் உள்ள டிஸ்க் என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். கெட்ட செக்டார்கள் மலிந்திருந்தால் நாள் கணக்கில் இழுக்கும். டிக் சத்தம் விடாமல் கேட்டால் மென்பொருளையும் நிறுத்திவிட வேண்டும். தூசியில்லாத அறையில் டிஸ்கைத் திறந்து முனையை மாற்றும் நிபுணர்களுக்கான வேலை அது.

முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, புது டிஸ்கை மட்டும் மாட்டி ஆன் செய்ய வேண்டும். ஒரே அடையாள எண் கொண்ட இரண்டு டிஸ்குகளைப் பார்த்தால் விண்டோஸ் குழம்பும். இப்போது செக் டிஸ்க் தாராளமாகப் போடலாம், நகலின் மேல். பழைய டிஸ்கில் தேதி எழுதி ஒட்டி பீரோவில் வைத்துவிடலாம். கழித்தல் குறி விழுந்த இடத்தில் எந்தப் போட்டோ இருந்தது என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியவரும்.