இரவில் இயற்கைக் காட்சியைப் படம் பிடித்தல்

பகற்பொழுதில் மலையையும் ஆற்றையும் மரச்செறிவையும் படம் பிடித்தல் இக்காலத்துச் சிறுவர்க்கும் எளிதாயிற்று. ஆயின் அம்மலையையே நிலவொளியிலாவது விண்மீன்களின் கீழாவது படமாக்கப் புகுவோர் முதலில் அடைவது ஏமாற்றமே. கண்ணுக்கு அத்துணை அழகாய்த் தோன்றிய காட்சி படத்திலே கரிய தாளாகவோ கலங்கிய சேறாகவோ காணப்படும். யான் பழனிமலைத் தொடரில் ஓரிரவு முழுதுங் கழித்து முதன்முதற் கொணர்ந்த படங்களும் இத்தன்மையனவே. அன்று காமிராவின்மேற் பழி கூறினேன். பின்னரே பிழை என்னுடையதென அறிந்தேன். அப்பிழையின் காரணத்தையும் அதனை நீக்கும் வழியையும் இக்கலை பயில விரும்பும் மாணவர்க்கு ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கண் ஒளியைச் சேமித்து வைக்கும் இயல்பினதன்று. ஏறக்குறைய ஒரு விநாடியிற் பத்திலொரு பங்குப் பொழுதில் வந்த ஒளியைக் கொண்டே அது காட்சியை உணர்கின்றது. இருளுக்கு நன்கு பழகியபின், எத்துணை நேரம் உற்று நோக்கினும் மங்கிய பொருள் மேலும் விளங்குவதில்லை. காமிராவோ எனின், மூடி திறந்திருக்குமளவும், கூரையினின்று சொட்டும் மழைநீரைக் குடம் ஏற்பதுபோல், ஒளியைத் துளித்துளியாய்ச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே பகலில் ஒளி செய்யும் வேலையை இரவிற் காலம் செய்தல் வேண்டும். கைப்பேசிகளும் இரவிற் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாய்ச் சேர்ப்பது இதுபற்றியே. யான் முதலிரவில் இவ்வுண்மையை அறியாது, கண்ணுக்குத் தெரிந்தது காமிராவுக்கும் உடனே தெரியுமென எண்ணினேன்.

அங்ஙனமாயின் எவ்வளவு காலம் வேண்டும்? இதனைக் கணக்கால் அறியலாம். கதிரவன் ஒளி நிறைமதியின் ஒளியினும் ஏறத்தாழ 4,00,000 மடங்கு மிக்கது. நல்ல வெயிலிற் காமிராவின் உணர்திறன் எண்ணை 100 ஆகவும், ஒளி புகும் துளையை எப் 16 ஆகவும் வைத்தால், ஒரு விநாடியில் 100-இல் ஒரு பங்கு போதும் என்பது படம் பிடிப்போர் வழங்கும் பழைய விதி. அதே அமைப்பில் நிலவொளிக்கு 4,000 விநாடி, அஃதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல், வேண்டியதாகும். துளையை எப் 2.8 ஆக அகலச் செய்தால் 32 மடங்கு ஒளி புகும். காலம் 2 நிமிஷமாய்க் குறையும். உணர்திறன் எண்ணையும் 800 ஆக உயர்த்தினால் 15 விநாடியே அமையும். இவ்வாறெடுத்த படம் பகலில் எடுத்ததுபோலவே தோன்றும். நீல வானத்தில் விண்மீன்கள் காணப்படுதல் ஒன்றே அஃது இரவென அறிவிக்கும். இரவின் சாயலை விரும்புவோர் அக்காலத்திற் பாதியோ காற்பங்கோ கொள்க. அரைமதி தரும் ஒளி நிறைமதியினதிற் பாதியன்று, பத்திலொரு பங்களவே என்பதையும் மறத்தலாகாது.

மதியையும் நிலத்தையும் ஒரே படத்தில் அமைக்க விரும்புவோர்க்கு வேறோர் இடர் உண்டு. மதி கதிரவனொளி பட்ட கல்நிலமாதலின், அதற்குப் பகற்காட்சிக்குரிய சிறு பொழுதே போதும். நிலத்துக்கு வேண்டும் நீண்ட காலத்தில் அது வெறும் வெள்ளை வட்டமாய்விடும். ஆதலின் இரண்டின் ஒளியும் ஒத்துவரும் அந்திப்பொழுதே அதற்கு ஏற்றது. அமெரிக்க நாட்டுப் படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941 ஆம் ஆண்டில் நியூ மெக்ஸிகோவிலுள்ள ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் மதி எழுந்திருத்தலைக் கண்டு வண்டியை நிறுத்தினார். ஒளியளக்குங் கருவி அவசரத்தில் அகப்படவில்லை. கதிரவனோ மறையுந் தறுவாயில் இருந்தான். மதியின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுவர்த்தி அளவு என்பது அவர் நினைவிலிருந்தது. அதனைக் கொண்டு மனத்துள்ளே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். மற்றொன்று எடுக்குமுன் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் மறைந்துவிட்டது. உலகப் புகழ் பெற்ற அப்படம், முன்னரே கற்றுவைத்த கணக்கின் பயனேயன்றி நற்பேற்றின் விளைவு மாத்திரமன்று.

மதியில்லா இரவில் விண்மீன்களைப் படம் பிடிப்போர் நிலவுலகின் சுழற்சியையும் கருதவேண்டும். வானம் மணிக்கு 15 பாகை திரும்புவதால், மூடி நெடுநேரம் திறந்திருப்பின் மீன்கள் கோடுகளாய் நீளும். புள்ளிகளாகவே வேண்டின், 500 என்னும் எண்ணை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து வரும் விநாடிகளைக் கடத்தலாகாது. 24 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது சுமார் 20 விநாடி. சிறிய உணரியுடைய காமிராவில் இன்னுங் குறைக்க வேண்டும். பால்வீதியின் செறிந்த பகுதி தனுசு இராசியை ஒட்டியது. மார்ச்சு மாதத்தில் அது விடியற்கு முன்னர்த் தென்கிழக்கில் எழும். அம்மாதத்து அமாவாசையை ஒட்டிய நாட்கள் தமிழ்நாட்டவர்க்கு மிகவும் ஏற்றவை.

இனிச் செயல்முறை சில கூறுவாம். காமிராவை உறுதியான முக்காலியில் நிறுத்துக. விரல் பட்டும் அசையாவண்ணம் தாமதப் பொத்தானைப் பயன்படுத்துக. இருளில் தானியங்கிக் குவியம் தவறுமாதலின், ஒளிமிக்க மீனொன்றைத் திரையிற் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை லென்ஸைக் கையாலே திருப்புக. கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிஷம் செல்லும். வெள்ளை விளக்கு அப்பழக்கத்தை நொடியிற் கெடுக்குமாதலின் மங்கிய செவ்விளக்கே கொள்க. லென்ஸின்மேற் பனி படிகின்றதா என அடிக்கடி பார்த்துத் துடைக்க. எல்லாவற்றினும் முதன்மையாக, இடத்தைப் பகலிலே சென்று கண்டு வருக. பழனிமலைச் சரிவுகளிற் காட்டெருமைகள் இரவில் உலாவுகின்றன. பாறை விளிம்பும் இருளிற் புலப்படாது. காட்டுப் பகுதிக்கு உத்தரவு பெற்றே, துணையொடு செல்க.

இவையெல்லாங் கற்றபின் யான் எடுத்த முதல் நற்படம் வடதிசை நோக்கியது. துருவ மீனைச் சுற்றி ஏனைய மீன்கள் வட்டமிடுதலைக் காட்ட விரும்பினேன். பழனிமலையில் அம்மீன் அடிவானத்துக்கு மேல் சுமார் 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். படத்தைக் கண்டபோது, என் கண்ணுக்கு இருளாய்த் தோன்றிய அடிவானம் மஞ்சள் ஒளியிலே மூழ்கியிருந்தது; துருவ மீன் அதனுள்ளே அரிதிற் புலப்பட்டது. சமவெளி ஊர்களின் விளக்குகள் வானிலே வீணாய்ச் சிந்திய ஒளியே அது. சிறிது சிறிதாய்ச் சேர்வதால் நாம் உணராத அதனைக் காமிரா சேர்த்துக் காட்டிற்று.

உலக மக்களில் மூன்றிலொரு பங்கினர்க்குத் தம் ஊரினின்று பால்வீதி தோன்றுவதில்லை என 2016 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகின்றது. லடாக்கிலுள்ள ஹான்லே என்னும் இடத்தில், வானாராய்ச்சிக் கூடத்தைச் சூழ்ந்த பகுதி 2022 இல் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூரார் தம் விளக்குகளை மறைத்துக் கீழ்நோக்கி அமைத்துக்கொள்கின்றனர். வேண்டுமிடத்தில் மட்டும் விளக்கு, அதுவும் நிலத்தை நோக்கி என்பது எவர்க்கும் அரியதன்று. மாணவ நண்பர்காள், இரவைப் படம் பிடிக்கக் கற்பவன் முதலிற் பொறுமையைக் கற்பான். பின்னர்க் கணக்கைக் கற்பான். இறுதியில், இருளும் காக்கத்தக்க செல்வங்களுள் ஒன்றென்பதையும் கற்பான்.