மாடிக்கு மாடி வைஃபை: அறுந்தால் யாரைக் கேட்பது?

அண்ணன் வீட்டில் ஃபைபர் இணைப்பு. 200 மீட்டர் தள்ளித் தம்பி வீடு. இரண்டு மொட்டை மாடிகளிலும் குழாய் நட்டு, ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு வயர்லெஸ் பிரிட்ஜ் கருவிகளை மாட்டிவிட்டால் ஒரே இணையம் இரு வீட்டுக்கும் போதும். ஊர்தோறும் இப்படித்தான் பொருத்துகிறார்கள். சில மாதம் நன்றாக ஓடும். பிறகு மாலை ஆனால் வேகம் சரியும், மழைக்குப் பின் அறுபடும், பிள்ளையின் ஆன்லைன் தேர்வு நடுவில் நிற்கும். உடனே கிடைக்கும் ஆலோசனை, இன்னும் பவர் கூடிய கருவியை வாங்குங்கள் என்பது. பெரும்பாலான இடங்களில் இது பணத்தை வீணாக்கும் யோசனை. கோளாறு எந்தக் கண்ணியில் இருக்கிறது என்பதை அளந்து பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பழுதைக் கண்டுபிடிக்கும் அதே அளவீடுதான், பணம் கொடுத்து வாங்கியவரின் உரிமைக்கும் சான்று.

உரிமை என்றதும் பலர் நினைப்பது வேறு: பக்கத்து வீட்டு வைஃபை நம் சிக்னலைக் கெடுத்தால் புகார் கொடுக்கலாம் என்று. அந்த வழி இல்லை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-லும், வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் உரிய விரிவான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் 2018-லும் உரிமத்திலிருந்து விலக்கப்பட்டன. அந்த விலக்கில் ஒரு நிபந்தனை உண்டு. பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் வரும் இடையூறிலிருந்து பாதுகாப்பும் கோர முடியாது, எல்லோரும் பகிர்ந்தே பயன்படுத்த வேண்டும். ஊர்ப் பொதுக்கிணறு போன்ற ஏற்பாடு இது. உமிழும் ஆற்றலுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. கருவியின் அமைப்பில் நாட்டுத் தேர்வை மாற்றியோ, பெரிய ஆன்டெனா சேர்த்தோ அந்த வரம்பைத் தாண்டினால் விலக்கின் நிழலிலிருந்தே வெளியே வந்துவிடுகிறோம். அதில் கிடைக்கும் லாபமும் சொற்பம்: ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். தழைத்த ஒரு வேப்பமரம் அதைவிட அதிகமாக விழுங்கிவிடும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? தம்பி வீட்டுக் கணினியிலிருந்து ஒவ்வொரு படியாகப் பிங் செய்ய, அதாவது பதில் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். முதலில் தன் மாடியில் உள்ள கருவி, அடுத்து அண்ணன் மாடியில் உள்ள கருவி, பிறகு அண்ணன் வீட்டு ரவுட்டர், கடைசியாக வெளி இணையம். நல்ல பிரிட்ஜின் மறுமுனை சில மில்லி விநாடிகளில் பதில் தரும். தன் மாடிக் கருவியே பதில் தரத் தயங்கினால் குற்றம் காற்றில் இல்லை. கேபிளிலோ அடாப்டரிலோ இருக்கிறது. மழைநீர் இறங்கிய கனெக்டரும், செம்பு என்ற பெயரில் விற்கும் செம்பு பூசிய அலுமினியக் கேபிளும், மாலையில் இறங்கும் மின்னழுத்தமும் கருவியைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சிக்னல் போவதாகவே தெரியும். அண்ணன் வீட்டு ரவுட்டர் வரை எல்லாம் சீராக இருந்து, வெளி இணையம் மட்டும் தடுமாறினால், பிழை இணையச் சேவை நிறுவனத்துடையது. இன்னொன்று அடிக்கடி கண்ணுக்குத் தப்புகிறது. தம்பி வீட்டிலும் பழைய ரவுட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு ரவுட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு நின்று, ஆளுக்கொரு பக்கம் செல்போன்களுக்கு ஐபி முகவரி வழங்கும். சில கருவிகளில் நெட் வரும், சிலவற்றில் வராது, ஒரு மணி நேரம் கழித்து மாறும். இரண்டாவது ரவுட்டருக்கு வேறு முகவரி கொடுத்து, முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபி வசதியை அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகினால் இந்தச் சிக்கல் தீரும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

மறுமுனைக் கருவிக்குப் போகும் பிங் மட்டும் தடுமாறினால்தான் அலைவழியைச் சந்தேகிக்க வேண்டும். எதிர் மாடி கண்ணுக்குத் தெரிகிறதே என்பது போதாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு சுருட்டைப் போன்ற வெளி அதற்கு வேண்டும். பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் பெயரால் அழைக்கப்படும் அந்த மண்டலம், 200 மீட்டர் தூரத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு நடுவழியில் சுமார் 1.6 மீட்டர் ஆரம் கொண்டது. அதில் 60 சதவீதமாவது, அதாவது நேர்கோட்டைச் சுற்றி ஒரு மீட்டராவது, வெறுமையாக இருக்க வேண்டும். கோடையில் பொருத்தியபோது கீழே நின்ற முருங்கை, ஐப்பசி மழையில் ஓங்கி அந்த வெளிக்குள் நுழைந்துவிடும். இந்தத் தூரத்தில் மழைத்துளி பெரிய தடை அல்ல, நனைந்த இலைதான் தடை. ஆடிக் காற்றில் குழாய் சற்றே திரும்பினாலும் குறுகிய கதிர் எதிர் மாடியைத் தவறவிடும். இவை எதுவும் இல்லையென்றால் சானலை மாற்றி, அகலத்தை 80-இலிருந்து 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள். உச்ச வேகம் குறையும், நிலைத்தன்மை கூடும்.

இதெல்லாம் சாதாரண வீட்டுக்காரரால் ஆகுமா, காசு கொடுத்துப் பொருத்தியவர்தானே பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடைக்காரர் ரவுட்டரையும், ரவுட்டர்காரர் கடைக்காரரையும் கைகாட்டும்போது நடுவில் நிற்பவருக்குக் குறிப்பேடு ஒன்றே துணை. ஒரு வாரம் எந்த நேரத்தில், எந்தப் படியில் அறுந்தது என்று எழுதி, திரையைப் படமெடுத்து வைக்க வேண்டும். இரு கருவிகளையும் கழற்றி, ஒரே மாடியில் 20 மீட்டர் இடைவெளியில், பவரைக் குறைத்துவைத்து ஓடவிடுங்கள். அங்கும் அறுந்தால் கருவியில் குறை இருப்பதை மறுப்பது கடினம். உத்தரவாதக் காலத்தில் மாற்றித் தர மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணைக்கு வரும். வழக்குக் காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பிழை இணையச் சேவையில் என்றால் முதலில் நிறுவனத்திடம் புகார் எண் பெற வேண்டும், தீராவிட்டால் அதன் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கியிருக்கிறது.

ஆனால் நிறுவனத்திடம் புகாருக்குப் போகுமுன், அண்ணன் வீட்டு இணைப்பை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். மறுவிற்பனையை ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடை செய்கின்றன. பக்கத்து வீட்டாரிடம் மாதப் பணம் வாங்கினால் புகார் கொடுக்கும் நம் கையே கட்டப்படும். ஆபத்து அதோடு நிற்பதில்லை. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாத ஒரு வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டதாகத் தெரியவந்தது. இணைப்புக்கு உரியவர்தான் விசாரணையை எதிர்கொண்டார். ஆகவே பிரிட்ஜுக்கும் இரு வீட்டு வைஃபைக்கும் தனித்தனியாக நீண்ட கடவுச்சொல், டபிள்யூபிஏ 2 அல்லது 3 பூட்டு, கருவியோடு வந்த 'அட்மின்' கடவுச்சொல்லை மாற்றுவது ஆகியவை கட்டாயம்.

இவ்வளவு பாடு எதற்கு, கேபிள் இழுத்துவிடலாமே என்பாரும் உண்டு. ஒரே மதிற்சுவருக்குள் என்றால் அதுவே சிறந்தது, நானும் அதையே சொல்வேன். ஆனால் தனித்தனி மின் இணைப்புள்ள இரு வீடுகளைச் செம்புக் கேபிளால் இணைத்தால் எர்த் வேறுபாடும் மின்னலும் இருபக்கக் கருவிகளையும் எரிக்கலாம். ஃபைபர் இழுப்பதே பாதுகாப்பு. பொதுத் தெருவைக் கடப்பதானால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும்.

புதுக் கருவிக்குப் பணம் எடுத்துவைக்குமுன் ஒரு வாரக் குறிப்பை எழுதுங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் அதோடு சேர்த்து வையுங்கள். கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.